பேசாத தம்பிக்கு ஜாமீன்

அவனியாபுரம்
3.3.2025

தம்பி சோலைக்கு,

உன் அக்கா நாகஜோதி எழுதுறேன். கிழிச்சுப் போட்டுறாத, முழுசாப் படி. இங்க நானும் உன் மச்சானும் நல்லாருக்கோம். ஜெயில்ல இருக்கவனப் பாத்து நல்லாருக்கியான்னு கேட்டா நக்கலாத் தெரியும். இருந்தாலும் கேக்குறேன். கொசு கடிக்குதா? சோறு தொண்டைக்குள்ள எறங்குதா?

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கல்யாணத்தப்ப மஞ்சளுக்குன்னு அப்பா என் பேருக்கு எழுதிக் குடுத்த மஞ்சக்காணி முப்பது செண்டு. அத உனக்குத் திருப்பி எழுதித் தரமாட்டேன்னுட்டேன். நீ நேரா நம்ம கருப்பு கோயிலுக்குப் போயி, எரிஞ்ச சூடத்த உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, காணி திரும்பி வர்ற வரைக்கும் அக்காகூடப் பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்ட. மூணு வருஷமாச்சு. அதனாலதான் மனுப் போட்டு உன்னப் பாக்க வரல. வந்தா கம்பிக்கு அந்தப் பக்கம் நீ ஊமையா நிப்ப, இந்தப் பக்கம் நான் அழுதுட்டு வருவேன்.

ஆனா எழுதமாட்டேன்னு நீ சத்தியம் பண்ணல. பூசாரி அண்ணன்கிட்ட போன் போட்டுக் கேட்டுட்டேன். எழுதலாமாம்.

ஏன்டா, பெர்மிஷன் இல்லாத மஞ்சுவிரட்டுல மாட்ட அவுக்கலாமா? உன் செவலை ஓடியாந்து போலீஸ் ஜீப்புக் கண்ணாடிய முட்டி உடைச்சுச்சாம். ஊரே செதறி ஓடிருச்சாம். நீ மட்டும் கயித்த விடமாட்டேன்னு நின்னியாம். உடைச்சது மாடு, உள்ள போனது நீ. நல்லா இருக்கு கூத்து!

உன் பொண்டாட்டி தாமரைக்கு ஏழாம் மாசம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவ வலி எடுக்குறதுக்குள்ள நீ வெளிய வரணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்.

இதப் பிரிச்சுப் படிக்கிற ஆபீசர் ஐயாவுக்கும் வணக்கம். நடுவுல குடும்பச் சண்டை வரும், கோவிச்சுக்காதீக.

அக்கா
நாகஜோதி


மதுரை சிறை
10.3.2025

மரியாதைக்குரிய நாகஜோதி அவர்களுக்கு,

சோலை எழுதுவது. சுகம். தாங்களும் மச்சானும் சுகமாக இருப்பீர்கள். கொசு உண்டு. சோறு பரவாயில்லை.

எழுதலாம் என்று பூசாரி சொன்னதாகக் கண்டிருந்தீர்கள். அதனால் இந்தப் பதில். தாங்கள் எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம். சித்தப்பா மகன் சிவனாண்டி ஜாமீன் நிற்பான். கூடப்பொறந்தவனுக்கு மேல் பழகியவன். வக்கீலுக்கும் அவனே சொல்லிவிட்டான்.

தாமரையை மாட்டுக்கிட்டப் போக வேண்டாம் என்று யாராவது சொல்லவும். தொழுவத்தில் வழுக்கும். அவளுக்குப் பயம் கிடையாது, நாம் சொன்னால் கேட்கவும் மாட்டாள். வயித்துப்புள்ளையோட தண்ணி வாளியத் தூக்கிக்கிட்டுத் திரிவா. எனக்கு இங்க உக்காந்தா அதே நெனப்பா இருக்கு.

இப்படிக்கு,
சோலை


அவனியாபுரம்
19.3.2025

மரியாதைக்குரிய சோலை ஐயா அவர்களுக்கு,

உங்க கடுதாசியப் பாத்து உன் மச்சான் உக்கிரபாண்டி பட்டறையில வேலைய நிப்பாட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "மாப்ள உள்ள போயி கலெக்டர் ஆகிட்டானா?"ன்னாரு. ஆரம்பத்துல கலெக்டர் மாதிரி எழுதிட்டு, தாமரைன்னு வந்ததும் நம்ம ஊர்ப் பேச்சுக்கு வந்துட்ட பாரு. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

முதல்ல கேளு. தாமரையக் கூட்டியாந்து எங்க வீட்டுல வச்சுருக்கேன். செவலையையும் லோடு ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்து பக்கத்து காலி எடத்துல கட்டிப் போட்டாச்சு. அது ஒரு குத்தமும் செய்யாத மாதிரி பருத்திக்கொட்டையத் தின்னுட்டு நிக்குது. தண்ணி காட்டுறது உன் மச்சான். முதல் நாளே அவரு கைலிய முட்டிக் கிழிச்சிருச்சு.

அடுத்தது, உன் சிவனாண்டி. எப்.ஐ.ஆர்ல என்ன எழுதிருக்காகன்னு தெரியுமா? "சோலை மற்றும் நாப்பது பேர்." அந்த நாப்பது யாரு யாருன்னு பேரு இல்ல. இப்ப ஊர்ல நானூறு ஆம்பள ஒளிஞ்சு கெடக்கான். கோர்ட்டு வாசல மிதிச்சா, "வாடா, நீதான் அந்த நாப்பதுல ஒருத்தன்"னு புடிச்சு உள்ள வச்சுருவாகன்னு பயம். சிவனாண்டி வீட்டுக்கு நானே போனேன். திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டானாம். அவன் செருப்பு வாசல்ல கெடக்கு, உள்ள இருந்து இருமல் சத்தம் வருது. "திருப்பூர்ல இருமுனா இங்க கேக்குமோ?"ன்னு அவன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வந்துட்டேன்.

கீழ்க் கோர்ட்டுல ஜாமீன் தரமாட்டேன்னுட்டாக. வக்கீல் ராஜகுரு பெரிய கோர்ட்டுல போட்டுருக்காரு. கெடைச்சுரும்னு சொல்றாரு. கெடைச்சா ஆளு நிக்கணும்ல, அதுதான் இப்ப கேள்வி. சொத்து இருக்க ஆளா ரெண்டு பேரு வேணும். அதுல ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும்.

யோசிச்சுப் பாரு. நான் ஒண்ணும் சொல்லல.

உடம்பப் பாத்துக்க.
நாகஜோதி


மதுரை சிறை
29.3.2025

நாகஜோதிக்கு,

சோலை. நலம். தாமரையையும் மாட்டையும் வச்சுப் பாக்குறதுக்கு மச்சானுக்கு என் நன்றியச் சொல்லு. கைலி ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லி தாமரைகிட்ட சொல்லு.

வக்கீல் வந்தாரு. ஜாமீன் கெடைச்சிருச்சாம். நீ எழுதுன மாதிரியே ரெண்டு ஆளு, ஒருத்தர் ரத்த சொந்தம். சிவனாண்டிய இன்னொரு தடவ கேக்கச் சொன்னேன். அவரு என்னையப் பாத்துச் சிரிச்சுட்டு, "உங்க அக்கா பேர்ல பட்டா இருக்காமே"ன்னாரு.

நீ யோசிச்சுப் பாருன்னு எழுதுனது எதுக்குன்னு எனக்குப் புரியாம இல்ல. வேணாம். எந்தக் காணிய எழுதிக் குடுன்னு சண்டை போட்டேனோ, அதையே காட்டி வெளிய வர்றதுக்கு நான் உள்ளயே கெடந்துட்டுப் போறேன். ஊர்ல எவனும் சிரிப்பான். நீயும் சிரிப்ப.

போன வாரம் தாமரை என்னையப் பாக்க வரல. ஏன்?

சோலை


மதுரை சிறை
11.4.2025

அக்காவுக்கு,

ரெண்டு வாரமாச்சு, உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. தாமரையும் வரல. வக்கீல் வந்தா, "வீட்டுல எல்லாரும் சவுக்கியம்"னு மேல பாத்துக்கிட்டே சொல்றாரு. அவரு மொகத்தப் பாத்தா சவுக்கியமாத் தெரியல.

நான் எழுதுனதுல கோவமா? கோவம்னா நல்லா நாலு வஞ்சு எழுது, வாங்கிக்கிறேன். எழுதாம மட்டும் இருக்காத. பக்கத்துல படுக்குறவன் தூங்குனப்பறம் சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கேன். என்னென்னமோ தோணுது. தாமரைக்கு ஒண்ணுமில்லேல்ல? புள்ள அசையுதுல்ல?

காணிய வச்சு எடு, எத வச்சாச்சும் எடு. நான் வெளிய வரணும்க்கா.

சோலை


அவனியாபுரம்
17.4.2025

தம்பி,

தபால்ல போட்டா நாளாகும்னு இத வக்கீல் கையிலயே குடுத்து விடுறேன். தாமரை நல்லாருக்கா. கால் லேசா வீங்கிருக்கு, அலையக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காக, அதான் வரல. புள்ள நல்லா உதைக்குது. அது போதும்.

இப்ப சந்தோசமான சேதிக்கு வாரேன். உனக்கு ஜாமீன் நின்னுட்டேன்டா!

நீ வேணாம்னு எழுதுன லெட்டர் வந்தன்னைக்கே கெளம்பிட்டேன். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாக. வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ்னு நாயா அலைஞ்சேன். இன்னொரு ஆளுக்கு எங்க எதுத்த வீட்டு ரங்கநாயகி அம்மா வந்தாக. சௌராஷ்ட்ராக்காரவுக, நம்ம சாதியுமில்ல சனமுமில்ல. "நாப்பது பேர்ல நான் இருப்பேன்னு எந்தப் போலீஸும் நம்பாது, வா"ன்னு சொல்லி வீட்டு வரி ரசீத எடுத்துக்கிட்டு பட்டுச்சேலையோட ஏறிட்டாக ஆட்டோவுல.

கோர்ட்டுல பேரக் கூப்புட்டாக. கூண்டுல ஏறுனேன். ஜட்ஜம்மா பட்டாவப் பாத்தாக, ரேஷன் கார்டப் பாத்தாக, என்னையப் பாத்தாக.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப்பொறந்த தம்பிங்கம்மா."

"வெளிய வந்தா தலைமறைவாகிற மாட்டாரே? வாய்தாவுக்கு ஒழுங்கா வருவாரா? நீங்க சொன்னாக் கேப்பாரா?"

ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கிருக்கலாம். கூண்டுல நின்னு பொய் சொல்ல எனக்கு வாய் வரல. "நான் சொன்னாக் கேக்க மாட்டாம்மா. அவன் என்கூடப் பேசியே மூணு வருஷமாச்சு"ன்னுட்டேன். நம்ம வக்கீல் தலையில கை வச்சுட்டாரு.

ஜட்ஜம்மா பேனாவக் கீழ வச்சுட்டாக. "பேசாத தம்பிக்கா ஜாமீன் நிக்கிறீங்க? அவரு வருவாருன்னு என்னம்மா நிச்சயம்?"

அப்ப எங்க இருந்துதான் வந்துச்சோ தெரியல. கடகடன்னு சொல்லிட்டேன். "அதாம்மா நிச்சயம். கருப்புசாமி முன்னாடி சூடத்த அணைச்சு அக்காகூடப் பேசமாட்டேன்னு சொன்னான். அன்னைக்குச் சொன்ன சொல்லு இன்னைக்கு வரைக்கும் மாறல. எங்க அம்மா செத்தப்ப பொணத்துக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும் உக்காந்து அழுதோம். அப்பவும் பேசல. கல்லு மாதிரி இருக்க சாமிக்குச் சொன்னதுக்கே இம்புட்டுப் பிடிவாதமா நிக்கிறவன், உங்ககிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வராம இருப்பானா? அவன் நல்லவனா கெட்டவனா எனக்குத் தெரியாது. சொன்ன சொல்லுல நிப்பான்."

கோர்ட்டே சிரிச்சுருச்சு. ஜட்ஜம்மா சிரிக்கல, ஆனா உதட்டக் கடிச்சுக்கிட்டாக. "சரிம்மா, எறங்குங்க"ன்னு கையெழுத்துப் போட்டுட்டாக. எறங்குனப்பறந்தான் எனக்கு அழுகை வந்துச்சு. அம்மாவ நெனச்சு அழுதேனா, உன்ன நெனச்சு அழுதேனா, ஒண்ணும் தெரியல. ரங்கநாயகி அம்மா கரும்புச்சாறு வாங்கிக் குடுத்தாக.

ஒரு கண்டிஷன் இருக்கு. மறு உத்தரவு வர்ற வரைக்கும் நீ மதுரையவிட்டுப் போகக்கூடாது. தெனமும் காலையில எங்க ஏரியா ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். ஊருக்குப் போக முடியாது. மதுரையில உனக்கு இருக்குறது ஒரே வீடு. அது எந்த வீடுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நாளைக்கு வாசல்ல நிப்பேன். நீ பேச வேணாம்.

அக்கா


அவனியாபுரம், உன் வீட்டு முன்ரூம்
20.4.2025

அக்காவுக்கு,

அடுப்படியில இருக்க உனக்கு முன்ரூம்ல இருந்து எழுதுறேன். தாமரை கையில குடுத்து விடுறேன். மச்சான் இதப் பாத்துட்டு, "மாப்ள, ஸ்டாம்பு ஒட்டலையா?"ன்னு கேக்குறாரு.

ஜெயில் வாசல்ல நீ நின்னப்ப ரொம்ப எளைச்சுத் தெரிஞ்ச. வாயத் தொறந்தா எதாச்சும் சொல்லிருவேன்னு பயந்து பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். நீ என்னையப் பாக்காம ஆட்டோ டிரைவரப் பாத்து, "அண்ணே, அந்த ஆளு காலையில சாப்புட்டுருக்காதுண்ணே, வழியில இட்லிக்கடை பாத்து நிப்பாட்டுங்க"ன்ன. அந்த டிரைவர் எம் மொகத்தப் பாத்தாரு பாரு, எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. சிரிப்ப அடக்கத்தான் ரோட்டப் பாத்துக்கிட்டு வந்தேன். மொறைச்சேன்னு நெனச்சுக்காத.

வீட்டுக்கு வந்து தாமரையப் பாத்தேன். லேசா கால் வீக்கம்னு எழுதுன. அவ எல்லாத்தையும் சொல்லிட்டா. பிரஷர் ஏறி மயங்கி விழுந்து ஒரு வாரம் பெரியாஸ்பத்திரியில கெடந்துருக்கா. நீ பகல்ல கோர்ட்டு ஆபீஸுன்னு அலைஞ்சுட்டு சாயங்காலம் போயி அவ கட்டிலுக்குக் கீழ படுத்துருக்க. எனக்கு ஒரு வார்த்தை எழுதல.

அது தப்பு. நான் புருஷன், எனக்குச் சொல்லிருக்கணும். கோவமாத்தான் இருக்கேன். ஆனா நீ இல்லைன்னா அவளும் புள்ளையும் இருந்துருக்க மாட்டாக. ரெண்டையும் எழுதிட்டேன்.

சோலை


அடுப்படி
20.4.2025

தம்பி,

கோவம் நியாயந்தான். நான் மட்டும் சொல்லிருந்தா நீ அந்தச் சொவத்துல முட்டிக்கிட்டுச் செத்துருப்ப. உன்னால ஓடியாற முடியாத எடத்துல இருக்கப்ப சொல்லி என்ன செய்ய? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. இப்ப பிரஷர் எறங்கிருச்சு, டாக்டரம்மா உப்பக் கொறைக்கச் சொல்லிருக்காக. அதனால எல்லாருக்கும் உப்பில்லாக் கொழம்புதான். மொகத்தச் சுழிக்காமச் சாப்புடு.

அப்பறம், மஞ்சக்காணி. இப்பவும் சொல்றேன், குடுக்க மாட்டேன். ஜாமீன் நின்னுட்டேன்னு மனசு எளகி எழுதிக் குடுத்துருவேன்னு எதிர்பாக்காத. அதுல வெளையிறத நான் என்னைக்காச்சும் வந்து கேட்டுருக்கேனா? நீதான் உழுற, நீதான் அறுக்குற. பொறந்த வீட்டு மண்ணுல என் பேருக்கு நிக்க ஒரு எடம். அத விட்டா எனக்கு அங்க ஒண்ணுமில்லடா. அப்பா அதத் தெரிஞ்சுதான் குடுத்தாரு.

தாமரை பாவம், முன்ரூமுக்கும் அடுப்படிக்கும் நடக்குறா. நடந்தா நல்லதுதான்னு டாக்டரம்மா சொன்னாக. அதனால எழுது.

அக்கா


முன்ரூம்
6.5.2025

அக்காவுக்கு,

கொழம்பு சகிக்கல. இருந்தாலும் தின்னுட்டேன்.

பூசாரி அண்ணனுக்குப் போன் போட்டேன். பேசணும்னா என்ன வழின்னு கேட்டேன். "அணைச்ச சூடத்த ஏத்திட்டாச் சரியாப் போச்சு. சேவல் ஒண்ணு தெண்டம்"னாரு. கோயிலுக்கு வந்து ஏத்தணுமாம். நான் மதுரையவிட்டு நகர முடியாது. வக்கீல்கிட்ட சொல்லி ஒரு நாளைக்குப் பெர்மிஷன் கேக்கலாம்னா, "என்ன காரணம்னு மனுவுல எழுதுறது? அக்காகூடப் பேசன்னா?"ன்னு சிரிக்கிறாரு. கண்டிஷனத் தளத்த அடுத்த மாசம் ஆகும்ங்கிறாரு.

அது வரைக்கும் இப்படித்தான். காணியப் பத்தி நீ எழுதுனத நாலு தடவ படிச்சேன். அதுக்குப் பதில் இப்ப வரல. வரும்.

ஸ்டேஷன்ல ரைட்டர் ஐயா கேட்டாரு, "ஏம்ப்பா, நீதான பேசாத தம்பி?"ன்னு. கோர்ட்டுல நீ பேசுனது அங்க வரைக்கும் வந்திருச்சு.

சோலை


பெரியாஸ்பத்திரி, பிரசவ வார்டு
19.5.2025

தம்பி,

ஆம்பளைய மேல விடமாட்டேங்குறாக. என் போன்ல சார்ஜ் இல்ல. அதான் ஆயாம்மாகிட்ட சீட்டுக் குடுத்து விடுறேன். பழக்கதோஷம்.

பொம்பளப்புள்ள. தாயும் புள்ளையும் சொகம். தாமரை கண்ணத் தொறந்து மொத கேள்வியே, "அவுக சாப்டாகளா?"ன்னா. வெயிட்டு நல்லாருக்கு, மூக்கு உன் மூக்கு, அழுகை மட்டும் யாருதுன்னு தெரியல. வார்டே முழிச்சுக்கிருச்சு.

இப்ப ஒண்ணு சொல்றேன், பதறாத. காலையில நான் தெருமுனையில தண்ணி லாரிக்கு நின்னுட்டு இருந்தேன். வீட்டு வாசல்ல இருந்து, "அக்கா! ஏக்கா! ஓடியா!"ன்னு ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பாத்துச்சு. ரங்கநாயகி அம்மா கையில இருந்த கொடத்தப் போட்டுட்டாக. நான் யாரையோ யாரோ கூப்புடுறாகன்னு நின்னுட்டு இருந்தேன். மூணு வருஷமா அந்தச் சத்தத்தக் கேட்டுப் பழக்கமில்ல, பாரு.

அப்பறம் ஆட்டோவுல வழி முச்சூடும் பேசுன. "தண்ணி குடுக்கா, அவ கையப் பிடிக்கா, டிரைவரச் சீக்கிரம் போகச் சொல்லுக்கா." நான் மூச்சு விடல. பேசிட்டு இருக்கன்னு ஞாபகப்படுத்துனா நிறுத்திருவியோன்னு பயம்.

கருப்புக்கு ஆகாமப் போயிருமோன்னு நீ கீழ உக்காந்து கலங்கிட்டு இருப்ப. கலங்காத. அவரு நம்ம சாமிடா. பொண்டாட்டி வலியில துடிக்கிறப்ப நீ கத்துனதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு.

மத்தியானத்துக்கு எதாச்சும் வாங்கி அனுப்பு. உப்புப் போட்டதா.

அக்கா


ஆஸ்பத்திரி வாசல், வேப்பமரத்தடி
19.5.2025

அக்கா,

தூக்குவாளியில தயிர்ச்சோறும் ஊறுகாயும் இருக்கு. தாமரைக்கு இட்லி தனியாக் கட்டிருக்கேன்.

உன் சீட்டப் படிச்சுட்டு அழுதேன். பக்கத்துல இருந்த ஒரு அண்ணன், "பொம்பளப்புள்ளையா தம்பி? விடுங்க, அடுத்தது பையனாப் பொறக்கும்"னு ஆறுதல் சொல்றாரு. நான் சந்தோசத்துல அழுறேன்னு அவருக்கு எப்படிப் புரிய வைக்க!

பூசாரி அண்ணன்கிட்ட நடந்ததச் சொல்லிட்டேன். "கோயிலுக்கு வர முடியாதவன் நின்ன எடத்துலயே நம்ம தெசையப் பாத்து ஏத்து. கருப்பு வாங்கிக்குவாரு. சேவல் மட்டும் பாக்கி"ன்னாரு. வாசல் கடையில சூடம் வாங்கி மேக்க பாத்து ஏத்திட்டேன். அணையிற வரைக்கும் நின்னு பாத்தேன். அதுவா எரிஞ்சு முடிஞ்சுச்சு, நான் கை வைக்கல.

இத வாயால சொன்னா எனக்குக் கூச்சம் வந்துரும், அதான் கடைசியா ஒரு தடவ எழுதுறேன். எம் மகளுக்குச் சேனை, அந்த மொதச் சீனித்தண்ணி, நீதான் நாக்குல தொட்டு வைக்கணும். நர்சம்மா பால் தவிர எதுவும் கூடாதுன்னா, வெறும் விரலையாச்சும் உதட்டுல தொட்டு எடு. சேனை வச்சவுக கொணம் புள்ளைக்கு வரும்னு சொல்லுவாகல்ல. வரட்டும். உன் பிடிவாதம் அப்படியே வரட்டும்.

அவளுக்கும் கல்யாணத்தப்ப ஒரு மஞ்சக்காணி எழுதி வைப்பேன், உன் காணிக்குப் பக்கத்துலயே. நாளைக்கு அவளுக்கு ஒரு தம்பி பொறந்து, அவன் போயி சூடத்த அணைச்சாலும் அவ அதக் குடுக்கக் கூடாது.

சாப்டுட்டு எறங்கி வாக்கா. மரத்தடியிலதான் நிக்கிறேன். உன்கூடப் பேசணும்.

உன் தம்பி
சோலை